30 செ.மீ. பனி என்றால் எந்தப் பனி?

பனிச்சறுக்குக்குக் கிளம்பும் பலர் முன்னறிவிப்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பல வருடங்களாகக் குளிர்காலம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 30 செ.மீ. பனி பெய்யும் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அடிவாரத்தில் கொட்டுகிற மழை. முன்னறிவிப்பு தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. அந்த 30 மலை உச்சிக்கான எண்ணாக இருந்திருக்கும். முன்னறிவிப்பைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் சென்டிமீட்டருக்குத்தான் போகிறது. நான் முதலில் பார்ப்பது உறைநிலை உயரம், அதாவது காற்றின் வெப்பம் 0 டிகிரியாக இருக்கும் உயரம். பனி அதற்குக் கீழே வந்தவுடனே உருகிவிடாது. பொதுவாக இன்னும் 200, 300 மீட்டர் இறங்கிய பிறகுதான் மழையாகும். உறைநிலை 2,000 மீட்டரில் இருந்தால் ஏறக்குறைய 1,700 வரை பனி எதிர்பார்க்கலாம். நீங்கள் நின்ற இடம் 1,400 என்றால் குடைதான்.

இன்னொன்று, அந்த உயரம் புயலின் போக்கில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஈரமாகத் தொடங்கிக் குளிர்ந்துகொண்டே போனால் அடியில் கனமான பனி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், மேலே லேசான பனி உட்காரும். சறுக்க அருமையாக இருக்கும். தலைகீழாக, குளிரில் தொடங்கி வெப்பமாக முடிந்தால், லேசான பனியின் மேல் கனமான பனி ஏறிவிடும். ஸ்கீ உள்ளே மாட்டிக்கொள்ளும், கால் வலிக்கும், பனிச்சரிவு (மலையில் படிந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வது) அபாயமும் கூடும். எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட இந்த வரிசை முக்கியம்.

கேள்வி: அதே அளவு பனி ஒருநாள் பஞ்சு மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் சிமென்ட் மாதிரி. ஏன்?

உள்ளே இருக்கும் தண்ணீர்தான் காரணம். 1 மி.மீ. தண்ணீருக்கு 1 செ.மீ. பனி என்பது பொதுக் கணக்கு. 0 டிகிரியை ஒட்டிப் பெய்தால் அதே தண்ணீர் அரை சென்டிமீட்டர்தான் ஆகும். நல்ல குளிரில் 2 செ.மீ. வரைகூடப் போகும். மேகத்துக்குள் -12 முதல் -18 டிகிரி வரை இருக்கும்போதுதான் ஆறு கிளை விரித்த நட்சத்திரப் படிகங்கள் செழித்து வளர்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று அடையும்போது நடுவில் நிறையக் காற்று சிக்கிக்கொள்ளும். பவுடர் என்று கொண்டாடுகிறோமே, அதில் பெரும்பகுதி காற்றுதான். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் நடப்பதும் இதுதான். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மலையில் மோதி லேசான பனியாகக் கொட்டுகிறது.

மலை மேலே கொண்டுபோகும் லிஃப்டில் ஏறும் முன் ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டையாகி, கையுறையில் ஈரம் தெரிந்தால் அன்று கனமான பனி. விரலைத் திறந்ததும் உலர்மாவு போல உதிர்ந்து காற்றில் பறந்தால், தாமதிக்காமல் மேலே போய்விடுங்கள்.

கேள்வி: 10 நாள் முன்னறிவிப்பை வைத்து டிக்கெட் போடலாமா?

போடாதீர்கள். மூன்று நாளுக்குள் என்றால் எண்ணை ஓரளவு நம்பலாம். ஐந்து நாள் என்றால் புயல் வருமா வராதா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வெறும் போக்குதான். ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே கணிப்பை 51 முறை ஓட்டுகிறது. பெரும்பாலானவை ஒரே மாதிரி வந்தால் நம்பிக்கை கூடும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், உங்கள் செயலி காட்டும் ஒற்றை எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை.

கேள்வி: ரிசார்ட்டே தினமும் காலையில் பனி அளவு போடுகிறது. அது சரியாகத்தானே இருக்கும்?

அளந்த இடத்தில் சரியாக இருக்கலாம். காற்றுப் படாத மறைவில், ஒரு பலகை வைத்து அளப்பார்கள். நீங்கள் சறுக்கும் திறந்த முகட்டில் அதில் பாதிகூட இருக்காது. அப்புறம், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பொருளியலாளர்கள் இருவர் இதை ஆராய்ந்தார்கள். வார இறுதி நாட்களில் ரிசார்ட்டுகள் 23 சதவீதம் கூடுதல் புதுப்பனி சொல்லியிருந்தது தெரியவந்தது. வருகிறவர்களே கைப்பேசியிலிருந்து நிலவரம் பதியும் செயலி வந்த பிறகு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் இந்த மிகைப்படுத்தல் குறைந்ததாம். அதனால் அளவுகோல் தெரியும் வெப்கேம் இருந்தால் அதைப் பாருங்கள்.

கேள்வி: பனி நிறையப் பெய்திருக்கிறது, ஆனால் காற்று மணிக்கு 70 கி.மீ. போகலாமா?

மேல் லிஃப்டுகள் பெரும்பாலும் நிற்கும். ஓடினாலும், காற்று எதிர்கொள்ளும் பக்கம் சுரண்டப்பட்டுக் கெட்டியாகிவிடும். அந்தப் பனியெல்லாம் மறுபக்கத்தில் குவிந்திருக்கும். திசையைக் கவனியுங்கள்.

கேள்வி: 0 டிகிரி வந்தால் செயற்கைப் பனி போடத் தொடங்கிவிடுவார்களா?

ஈரப்பதத்தைப் பொறுத்தது. ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, ஏறக்குறைய -2 ஆக வேண்டும். காற்று வறண்டிருந்தால் 0 டிகிரியிலேயே அது கிடைத்துவிடும்.

கேள்வி: வசந்தத்தில் காலையில் கண்ணாடி, மதியம் கூழ். எப்போதுதான் சறுக்குவது?

இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் மாதிரி கிடைக்கும், மேல்பரப்பு ஒரு விரல் ஆழம் மட்டும் இளகியிருக்கும் நேரம். முதலில் கிழக்குச் சரிவு, பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு என்று வெயிலைத் தொடர்ந்து போங்கள் (பூமியின் வட பாதிக்கு இது). இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி சரியாக உறையாது. அப்படிப்பட்ட நாளில் சீக்கிரமே கூழாகிவிடும்.

கேள்வி: பனிச்சரிவு அபாயம் 5க்கு 3 என்று போட்டிருந்தது. நடுத்தரம்தானே, பாதைக்கு வெளியே போகலாமா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பங்கினர் 3 என்று அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 என்றால் எல்லோரும் பயந்து ஒதுங்குவார்கள், 3 பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிகிறது. புயல் ஓய்ந்து முதல்முறை வெயில் அடிக்கும் காலைதான் மிக மோசம். பனி புதுசு, வானம் நீலம், மனசு துள்ளும். ஆனால் 30 முதல் 45 டிகிரி சாய்வில் காற்று குவித்த பனி அடியில் உள்ள பனியோடு இன்னும் ஒட்டிப் பிடிக்காமல் இருக்கும். ஒரே ஆளின் எடை அதைக் கிளப்பிவிடப் போதும். பாதைக்குள் ரிசார்ட் காவல் குழு சோதித்துத்தான் திறக்கும். பாதையின் எல்லையில் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் சோதிப்பதில்லை. ஏற்கெனவே நான்கு தடங்கள் அங்கே இருந்தாலும், ஐந்தாவது ஆளின் கீழ் அது உடையலாம்.