கைத்தொழில் செய்யும் பெரியவருக்கு நாம் கையால் செய்ததைப் பரிசாகக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் மூங்கில் கூடை முடையும் தாத்தா ஒருவர் எனக்குச் சின்னதாக ஒரு கூடை முடைந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. எனக்குக் குரோஷா பின்னத் தெரியும். ஏதாவது பின்னிக் கொடுத்தால் சிரிப்பாரா? பணமாகக் கொடுப்பதுதான் மரியாதையா?

பதில்: தாராளமாகப் பின்னிக் கொடுங்கள். பணத்தை மட்டும் இந்தக் கூடையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு பாட்டியோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர், கோரைப் பாய்க்குப் பேர் போனது. கடையில் கிடைக்கும் முரட்டுப் பாயை வைத்து அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் கோரையைக் கீறிக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, தண்டுக்குள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றுப் பகுதியை எடுத்துவிட்டு, மிஞ்சுகிற மெல்லிய நாரை, தறியில் நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப் பாய் என்றே பெயர், துணி மாதிரி மடிக்கலாம். அப்படி ஒன்று முடியப் பல வாரம் ஆகும். தறி தரையோடு தரையாகக் கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தே வேலை.

அதைப் பார்த்துத்தான் பழைய நூல் சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, உட்காருவதற்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக்கொண்டு போனேன். பாட்டி அதை வாங்கியதும் முதலில் செய்தது, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்ததுதான். விரலால் தையலைத் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். “முடிச்சு வெளிய தெரியுதே புள்ள. உள்ள தள்ளித் தச்சா என்ன?” அப்புறம் முடித்துவைத்திருந்த பாய் ஒன்றை எடுத்து, ஓரத்தில் நூல் முனையை எப்படி மறைக்கிறார் என்று காட்டினார். எனக்கு அன்று கிடைத்த பாராட்டு அதுதான். கடையில் வாங்கிய சேலையைக் கொடுத்திருந்தால் “நல்லா இருக்கு” என்று சொல்லிப் பெட்டியில் வைத்திருப்பார். கைவேலைக்காரருக்குக் கைவேலையைக் கொடுத்தால் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. குறை சொன்னால் சந்தோஷப்படுங்கள், உங்களையும் வேலை தெரிந்த ஆளாகச் சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அடுத்த முறை போனபோது ஒரு தடுக்கு கொடுத்தார், ஒருவர் உட்காரும் அளவுக்கு. யார் யார் கல்யாணப் பாய்க்கோ சாயம் போட்டதில் மிஞ்சிய கோரையில் நெய்தது. சிவப்புப் பட்டை ஒன்று பாதியிலேயே தீர்ந்து பச்சையாக மாறியிருக்கும். விற்கிற பாயில் அப்படி விடவே மாட்டார். கூட வந்த என் தோழி நல்லெண்ணத்தில்தான் பர்ஸை எடுத்தாள். பாட்டி முகம் சுருங்கிவிட்டது. “இது விக்கதுக்கு இல்ல.” அதோடு பேச்சே கொஞ்ச நேரம் நின்றுபோனது.

அதே பாட்டி விற்கிற பாய்க்கு ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். குறைக்கவும் கூடாது. பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் வந்தபிறகு இந்த வேலைக்குக் கட்டுகிற கூலியே அரிது. தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு ஒரு பாய் சொன்னேன் (அங்கே அது வழக்கம்). முன்பணம் கொடுத்தேன், மீதியைச் சொன்ன விலைக்கே தீர்த்தேன். பழக்கத்தைச் சொல்லி நானும் குறைத்துக் கேட்கவில்லை, அவரும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கணக்குக்கும் தடுக்குக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். அவர் தொழில் பக்கம் போகாதீர்கள். குரோஷாவில் கூடை பின்னிக் கொண்டுபோய் நின்றால் யாருக்குமே சிரிப்பு வரும். மேஜைவிரிப்பு, சுவரில் மாட்டும் அலங்காரம் எல்லாம் அவர் வீட்டில் எங்கே போகும்? மார்கழிப் பனிக்குக் காதை மூடுகிற குல்லா பின்னலாம். ஆனால் கம்பளி சிலருக்கு அரிக்கும், பருத்தி நூலில் போடுங்கள். வெளிர் நிறம் வேண்டாம், வேலை செய்கிற இடத்தில் ஒரே நாளில் அழுக்காகும். தலை அளவை முன்கூட்டியே கேட்டுவிடலாம், ஆச்சரியப்படுத்துவதைவிடச் சரியாகப் பொருந்துவது முக்கியம். கொடுக்கும்போது “கூடைக்குப் பதில்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கடனை அடைக்கிற மாதிரி ஆகிவிடும். சும்மா பின்னினேன் என்று கொடுங்கள்.

பணம் கொடுக்க மனசு அடித்துக்கொண்டால் அதற்கும் வழி இருக்கிறது. பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் முறம் வேண்டியிருக்கும் இல்லையா? மொத்தமாக அவரிடமே சொல்லுங்கள், பேரம் பேசாமல்.