திங்கட்கிழமை கீமோ, அதற்குள் இந்தப் பேச்சு

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். வரும் திங்கட்கிழமை கீமோ ஆரம்பம். கீமோவால் விந்தணு உற்பத்தி பாதிக்கப்படலாம், பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்றால் உதவும், அதற்குள் விந்தணுவை உறையவைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். "முதலில் பிள்ளை பிழைக்கட்டும்" என்கிறார் என் கணவர். பெற்ற மகனிடம் இதை எந்த வாயால் பேசுவேன்?

பதில்: நீங்கள் பேசவே வேண்டாம், சகோதரி. டாக்டர் பேசட்டும். நீங்கள் இருவரும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு பேசட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் அந்த வயதுப் பையன் "வேண்டாம்" என்றுதான் சொல்வான். அது முடிவல்ல, கூச்சம். "டாக்டர் உன்கிட்ட தனியா பேசணுமாம். நீ என்ன முடிவெடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. ஆனால் இதனால் சிகிச்சை தள்ளிப்போகாது. பெண்ணாக இருந்தால் கருமுட்டை எடுக்கப் பத்து, பன்னிரண்டு நாள் ஊசி போட வேண்டும். பையனுக்கு ஒரு தனியறையும் பெயர் ஒட்டிய சின்ன டப்பாவும் போதும். நாள் இருந்தால் இரண்டு, மூன்று முறை கொடுக்கலாம். இந்த நோயில் விந்தணு எண்ணிக்கை முன்பே குறைந்திருப்பதுண்டு. அதற்காக மனம் தளர வேண்டாம். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு போதும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தது இருபது வருடம் கழித்தும் குழந்தையாகியிருக்கிறது.

முதல் டோஸ் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுப்பதில் மரபணுச் சேதம் இருக்கக்கூடும்.

எந்த மருந்துகள் என்றும் கேளுங்கள். ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு என்றால் விந்தணு உற்பத்தி பெரும்பாலும் மீண்டுவிடும். புரோகார்பசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். "ஏபிவிடிதானே" என்று விட்டுவிடாதீர்கள். நோய் திரும்பினால் கடுமையான மருந்துக்குப் போக வேண்டிவரும். அன்று இந்த அவகாசம் கிடைக்காமல் போகலாம்.

மாதிரி கொடுக்க அவனால் முடியாவிட்டால் திட்டாதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். மயக்கம் கொடுத்து விரையிலிருந்தே எடுக்கவும் வழியுண்டு.

இன்னொன்று. ஒப்புதல் படிவத்தில், அவன் உயிரோடு இல்லாவிட்டால் மாதிரியை என்ன செய்வது என்றொரு கேள்வி இருக்கக்கூடும். எல்லோரிடமும் கேட்பதுதான் அது என்று, பேனாவைக் கையில் கொடுக்கும் முன்பே அவனிடம் சொல்லிவிடும்படி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.