நான்கு முறை உருட்டினால் ஒரு 6

அன்புள்ள ஐயா,

பகடையை ஒருமுறை உருட்டினால் 6 விழ நிகழ்தகவு 1/6. நான்கு முறை உருட்டி ஒரு தடவையாவது 6 விழ 4/6 என்று போட்டேன். விடைப் பகுதியில் 671/1296 என்றிருக்கிறது. ‘அல்லது’ வந்தால் கூட்ட வேண்டும் என்றுதானே படித்தோம்? எங்கே பிசகினேன்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் வழியிலேயே தொடர்ந்தால் ஏழு உருட்டலுக்கு 7/6 வரும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டினாலே, கூட்டக் கூடாததைக் கூட்டிவிட்டோம் என்று பொருள்.

இரண்டு உருட்டலுக்கு மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். நோட்டில் ஆறுக்கு ஆறாக 36 கட்டம். முதல் உருட்டலில் 6 விழும் நிரை முழுவதும் பென்சிலால் தீட்டுங்கள். பிறகு இரண்டாவதில் 6 விழும் நிரல். மூலையில் இருக்கும் (6, 6) கட்டத்தின் மேல் பென்சில் இரண்டு தடவை ஓடியிருக்கும். தீட்டிய கட்டங்களை எண்ணினால் 11தான், 12 இல்லை. இரண்டும் ஒருசேர நடக்கவே முடியாது என்றால்தான் வெறுமனே கூட்டலாம். நடக்குமென்றால் பொதுவான பகுதியைக் கழித்தாக வேண்டும். விதி மனதில் நின்று இந்த நிபந்தனை மட்டும் உதிர்ந்துபோவதுதான் வருத்தம்.

நான்கு உருட்டலுக்கு இப்படிக் கழித்துக் கூட்டிக்கொண்டு போவது நச்சு வேலை. ‘ஒரு தடவையாவது’ என்று கேட்டால் எதிர்ப்பக்கத்தைப் பிடியுங்கள். ஒருமுறை 6 விழாமலிருக்க 5/6. ஒரு உருட்டல் அடுத்ததைப் பாதிப்பதில்லை, ஆகவே நான்கு தடவை பெருக்கலாம்: 625/1296. ஒன்றிலிருந்து கழித்தால் உங்கள் விடை.

1654 ஜூலை 29 அன்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலும் இதே 671, 625 இருக்கின்றன. பாஸ்கலிடம் பகடைக் கேள்வி கேட்ட தெ மேரே என்பவரைக் குழப்பிய கணக்கும் அதில் வருகிறது. வாய்ப்பு பாதியைத் தாண்ட 6 முகத்துக்கு 4 உருட்டல் என்றால், இரண்டு பகடையின் 36 சேர்க்கைக்கு 24 போதும் என்கிறது விகிதம். ஆனால் 24 உருட்டலில் இரட்டை ஆறு விழ நிகழ்தகவு 0.4914தான்; 25இல்தான் பாதியைத் தாண்டி 0.5055 ஆகிறது.

பெருக்கலுக்கும் நிபந்தனை உண்டு. சீட்டுக்கட்டிலிருந்து திருப்பி வைக்காமல் இரண்டு ஏஸ் எடுப்பது 4/52 × 4/52 ஆகாது. முதல் ஏஸ் போனபின் மிச்சம் 51 சீட்டில் 3 ஏஸ். எனவே 4/52 × 3/51, அதாவது 1/221.

மூன்று உருட்டலுக்கு இரு வழியிலும் செய்து பாருங்கள். 91/216 வர வேண்டும். 90 வந்தால், மூன்றிலும் 6 விழும் அந்த ஒரு சேர்க்கையைத் திரும்பக் கூட்ட மறந்திருப்பீர்கள்.