ஃப்ரிட்ஜ் கதவில் 14 விதிகள்

கேள்வி: புத்தாண்டு அன்று வீட்டுக்கென்று 14 விதிகள் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். மீறினால் உண்டியலில் 10 ரூபாய். பொங்கலுக்குள் எல்லாம் காற்றில் போய்விட்டது. கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. மாமியாரும், எட்டாவதும் நாலாவதும் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கே தப்பு?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் 11 விதிகள் பிள்ளைகளுக்கு. மாமியாருக்கு ஒன்றுகூட இல்லை. இதைப் பிள்ளைகள் அன்றைக்கே எண்ணிப் பார்த்திருப்பார்கள். கிழித்துவிடுங்கள், மூன்று போதும்.

'இரவு 8.30-க்குச் சேர்ந்து சாப்பிட வேண்டும்' என்பது ஷிப்ட் வீட்டில் நடக்காது. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அவர் வந்து சேரவே நள்ளிரவு ஆகும். கடிகாரத்தை விட்டுவிட்டு, வீட்டில் எப்படியும் நடக்கிற காரியத்தோடு விதியை முடிச்சுப் போடுங்கள். 'தட்டு வைத்ததும் எல்லார் போனும் டிராயருக்குள்.' வீட்டில் இரண்டு பேரே இருந்தாலும் இது செல்லும். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிவெடுப்பவர்கள், வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதினார். நம் ஊருக்கு இது புதிதில்லை. 2011 தானே புயலைப் பார்த்த வீடுகளில், புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் ஒருவர் குடத்தில் தண்ணீர் பிடிப்பார், ஒருவர் ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் ஏற்றுவார். அதை யார் எழுதி ஒட்டினார்கள்?

இரண்டாவது விதியை மாமியாரிடம் கேளுங்கள். 'சாயங்காலம் நான் விளக்கேற்றியதும் பிள்ளைகள் புத்தகம் எடுக்கணும்' என்பார். அவர் சீரியலும் அதுவரைதான் என்று அவரையே சொல்ல வையுங்கள். மருமகள் சொன்னால் அது வேறு சண்டை.

மூன்றாவது உங்களுக்கு. விடியற்காலை எழுந்து சில்வர் பீச் நடை வேண்டாம். சின்னவன் வேன் ஏறியதும் அப்படியே மைதானத்தை ஒரு சுற்று வாருங்கள்.

10 ரூபாயை நிறுத்துங்கள். இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்களில், தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம்தான் கூடியது, 2000-ல் வெளியான ஆய்வு. காசு கட்டியாயிற்று, பிறகென்ன குற்ற உணர்வு! உங்கள் பெரியவனும் 10 ரூபாய்க்குப் போன் நேரம் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

பொங்கல்வரை என்பது ரொம்பக் குறைவு. லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம். நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. ஒரே விதி தொடர்ந்து ஒரு வாரம் உடைந்தால் பிள்ளையைத் திட்டாமல் விதியை மாற்றுங்கள்.