டோபமைன் கேள்வி பதில்: வேண்டும் என்பது வேறு, பிடிக்கும் என்பது வேறு

கேள்வி: டோபமைன் என்பது மகிழ்ச்சி ஹார்மோன்தானே?

இல்லை. அது மூளை நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் வேதிப்பொருள். நரம்பியல் ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார்கள். தீனி முன்னால் கிடந்தும் அவை தின்னவில்லை. குழாய் வழியே ஊட்ட வேண்டியிருந்தது. ஆனால் வாயில் இனிப்புத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டின. ருசி அப்படியே இருந்தது. தேடிப் போகும் உந்துதல்தான் இல்லை.

கேள்வி: ஆசைப்பட்ட பொருள் கைக்கு வந்ததும் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். முதலில் சாறு வந்தபோது துடித்தன. சாறுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகியதும், விளக்குக்குத் துடித்தன, சாறுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அதாவது டோபமைன் பார்ப்பது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தால் அதற்குப் புதுச் செய்தி எதுவும் இல்லை.

கேள்வி: ஒருநாள் போனைத் தொடாமல் இருந்தால் டோபமைன் ரீசெட் ஆகுமா?

ஆகாது. ஓய்வு நல்லது, தாராளமாக எடுங்கள்.

கேள்வி: 1954-இல் ஓல்ட்ஸ், மில்னர் சோதனையில் எலிகள் மூளைக்கு மின்சாரம் பெற ஓயாமல் நெம்புகோலை அழுத்தினவே. இன்பம் இல்லாமலா?

அழுத்தியது உண்மை. அதை வைத்துத்தான் 'இன்ப மையம்' என்ற பேச்சே பரவியது. ஆனால் அழுத்துவது 'வேண்டும்' என்பதைத்தான் காட்டும். பின்னாளில் பெரிட்ஜ், மின்தூண்டலால் எலிகள் கூடுதலாகத் தின்றபோது அவற்றின் முகத்தைக் கவனித்தார். ருசித்த அடையாளம் கூடவில்லை.

கேள்வி (அவரே): பிடிக்காமல் யாராவது தின்பார்களா?

நள்ளிரவில் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கண் எரிகிறது, பார்க்கும் எதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் விரல் நிற்பதில்லை. இது உங்களுக்கு நடந்ததே இல்லையா? பிடிப்பதற்கு மூளையில் வேறு ஏற்பாடு இருக்கிறது. ஓபியாய்டு எனப்படும், அபின் போன்ற வேதிகள் வேலை செய்யும் சிறு இடங்கள் அவை. எலியில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான். 'வேண்டும்' மட்டும் கூடினால் என்ன ஆகும் என்று மனிதர்களிடமும் பார்க்கலாம். மூளையில் டோபமைன் குறையும் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகள், டோபமைன் வந்து ஒட்டும் ஏற்பிகளைத் தூண்டுபவை. அவற்றால் சிலர் அதுவரை இல்லாத சூதாட்டப் பழக்கத்தில் விழுகிறார்கள். பணம் கரைவது தெரிந்தும் விட முடிவதில்லை. வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால் கவனியுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: டோபமைனையே மாத்திரையாக விழுங்கலாமா?

ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால்தான் பார்க்கின்சனுக்கு, உள்ளே போய் டோபமைனாக மாறும் லெவோடோபா தருகிறார்கள். அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

கேள்வி: எதிலும் ஆர்வமில்லை. டோபமைன் குறைவா என்று ரத்தத்தில் பார்க்கலாமா?

மூளையின் டோபமைனை ரத்தப் பரிசோதனை காட்டாது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை என எதுவாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ரீசெட் செய்ய ஒருநாள் போதாதென்றால் ஒரு வாரம்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மகனின் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) மாத்திரையை விடுமுறையில் நிறுத்தலாமா?

அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.