டெக்சாஸ் வளாகத்தில் துப்பாக்கி: பேராசிரியருக்கும் கவுண்டர் ஊழியருக்கும் என்ன உரிமை?

கேள்வி: ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் உதவிப் பேராசிரியராகச் சேரப்போகிறேன். எச்-1பி விசா. கணவருக்கும் அங்கேயே மாணவர் சேவைக் கவுண்டரில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. மாணவர்கள் துப்பாக்கியோடு வகுப்புக்கு வரலாமாமே? அதைத் தடுக்க எங்களுக்கு உரிமை உண்டா? இனம், கருக்கலைப்பு பற்றியெல்லாம் பாடம் எடுக்கலாமா?

பதில்: வகுப்பறையில் தடுக்க முடியாது. உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனி அறையில் தடுக்கலாம். கவுண்டரில் உட்காரும் உங்கள் கணவரால் தடுக்க முடியாது.

2015இல் நிறைவேறிய செனட் மசோதா 11, 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் நடைமுறையில் இருக்கிறது. 1966இல் இதே வளாகத்தின் கோபுரத்திலிருந்து ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றதன் ஐம்பதாவது ஆண்டு நாளும் அதுவே. உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்கலாம். 2021 முதல் டெக்சாஸில் பொது இடங்களில் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றாலும், வளாகத்துக்குள் உரிமம் கட்டாயம். தனியார் பல்கலைக்கழகங்கள் விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. ஏறக்குறைய எல்லாமே விலகிவிட்டன. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வழி இல்லை.

'என் வகுப்பில் துப்பாக்கி கூடாது' என்று நீங்களாகப் பாடத்திட்டத்தில் எழுதினால் அது செல்லாது. ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். இதே பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியைகள் இந்தச் சட்டம் வகுப்பில் கருத்துச் சுதந்திரத்தை முடக்குகிறது என்று வழக்குப் போட்டார்கள். மாணவர்கள் என்ன செய்யக்கூடும் என்ற அச்சம் மட்டும் வழக்குத் தொடரப் போதாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்த அச்சத்தை ஆசிரியர்கள் தினமும் சுமக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தனி அறைக்கு வருவோம். பொதுமக்கள் வந்துபோகாத, உங்களுக்கு மட்டுமான அறை என்றால் துப்பாக்கியைத் தடை செய்யலாம். ஆனால் கதவில் ஒட்டிய அறிவிப்பு போதாது. வருகிறவரிடம் வாயால் சொல்ல வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவரை வேறோர் இடத்தில் சந்திக்க ஏற்பாடும் செய்து தர வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று மாணவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது. விதிகள் மாறலாம், சேரும்போது நடப்பில் உள்ளதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாடத்துக்கு வருகிறேன். 2016இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மன்றத் தலைவர், சர்ச்சையான தலைப்புகளில் கவனமாக இருங்கள், தேவையானால் சிலவற்றை விட்டுவிடுங்கள் என்று சக ஆசிரியர்களுக்கு யோசனை சொன்னார். அது பல்கலைக்கழகத்தின் உத்தரவு அல்ல. உங்கள் துறையே இனமும் பாலினமும்தான். அதை விட்டால் வகுப்பில் மிச்சம் என்ன இருக்கும்? துப்பாக்கிச் சட்டத்துக்காக ஒரு தலைப்பையும் நீக்காதீர்கள். மாறாக, சந்திப்பு நேரத்தை முன்பதிவு முறைக்கு மாற்றுங்கள். மதிப்பெண் தகராறு என்றால் சக ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவரின் பேச்சோ மின்னஞ்சலோ உறுத்தினால் அன்றே துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். துப்பாக்கி கண்ணில் பட்டால் நீங்கள் விசாரிக்க வேண்டாம், அவசர எண் 911தான்.

பாதுகாப்புக்கு நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றலாம். வேண்டாம். எச்-1பி, அவர்களின் துணைவருக்கான எச்-4 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சுடுதளத்துக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தால்கூட, குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அதிகம் கவலைப்பட வேண்டியது உங்கள் கணவரின் வேலையைப் பற்றித்தான். கட்டண பாக்கி, உதவித்தொகை மறுப்பு என்று கோபத்தோடு வருகிறவர்களை முதலில் சந்திப்பது கவுண்டர் ஊழியர்தான். தனி அறை இல்லாததால் பேராசிரியருக்கு உள்ள தடை உரிமைகூட அவருக்கு இல்லை. ஒரே அறையைப் பகிரும் பயிற்றுநர்களின் நிலைமையும் இதுதான். ஜார்ஜியா 2017இல் இப்படியொரு சட்டம் போட்டபோது ஆசிரியர், ஊழியர் அலுவலகங்களுக்குள் துப்பாக்கி கூடாது என்று முழுவதுமாக விலக்கி வைத்தது. டெக்சாஸில் அது இல்லை. ஆகவே வேலையை ஏற்கும் முன்பே அவர் கேட்கட்டும்: பின்பக்கம் வெளியேறும் வழி உண்டா, அவசர பொத்தான் உண்டா, ஷிஃப்டில் தனியாக இருக்க நேருமா, தகராறை யாரிடம் அனுப்பலாம்? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.