மதுரை நிழலில் லிங்கன்பெர்ரி வளருமா?

கேள்வி: சுவீடனில் வேலை பார்க்கும் மகன் லிங்கன்பெர்ரி என்ற சிறு சிவப்புப் பழத்தின் ஜாம் கொண்டுவந்தான். புளிப்பும் லேசான கசப்பும் அவ்வளவு பிடித்துப்போனது. அந்தச் செடி நிழலிலேயே வளருமாம். வீட்டின் வடக்குப் பக்கத்தில் எப்போதும் நிழல்தான். அங்கே தொட்டியில் வைக்கலாமா? அடுத்த முறை மகனையே விதை, கன்று கொண்டுவரச் சொல்லட்டுமா? (வாசகி, திருநகர்)

பதில்: வைக்க வேண்டாம் அம்மா. பணமும் பாடுபட்டதும் வீணாகும். காரணங்களை விவரமாகவே சொல்கிறோம். வேறு குளிர்நாட்டுச் செடி வாங்க நினைக்கும்போதும் இவை உதவும்.

முதலில் உங்கள் நிழல். வடக்குச் சுவர் ஓரம் ஆண்டு முழுக்க வெயில் படாது என்பது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆவணி நடுவாக்கு வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆக, அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். இந்த மே மாதம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது குளிர். லிங்கன்பெர்ரி வட ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்காவின் குளிர்ந்த ஊசியிலைக் காடுகளில் தரையோடு படரும் குறுஞ்செடி. ஒரு முழம் உயரம்கூட வராது. ஆண்டுதோறும் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விழித்துப் பூக்கும். மதுரையில் மார்கழி, தை இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட வேகமாகச் செடியைக் கொல்வது தண்ணீர். லிங்கன்பெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) உள்ள அமில மண் வேண்டும். உங்கள் பழைய பூந்தொட்டி விளிம்பைப் பாருங்கள்: போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாக வளையம் கட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அது சுண்ணாம்பு. எவ்வளவு நல்ல அமிலக் கலவை போட்டாலும் அந்தத் தண்ணீர் சில மாதங்களில் பிஎச்சை ஏற்றிவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் இதைச் சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் எரு போடுகிறார்கள். அதில் நிலைமை மோசமாகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் இருந்தால் இன்னும் கவனம்: உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கும்.

கன்றோ விதையோ பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஜாம் கொண்டுவரட்டும்.

வடக்குப் பக்க இடத்துக்கு எங்கள் யோசனை வெற்றிலைக்கொடி. சோழவந்தான் கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்வதுதானே! அந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மூன்று, நான்கு கணு உள்ள கொடித்துண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. சித்திரை முதல் ஆவணி வரை மட்டும் மேலே ஒரு பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

கேள்வி: குளிர்தான் குறை என்றால், தொட்டியை இரண்டு மாதம் பிரிட்ஜில் வைத்து எடுக்கலாமா? (வாசகர், அண்ணா நகர், மதுரை)

பதில்: மொட்டு விழிக்க அந்தக் குளிர் உதவலாம். வெளியே எடுத்த பிறகு மிச்சப் பத்து மாதத்துக்கு என்ன செய்வீர்கள்? இந்தச் செடியின் வேர் மெல்லியது, வேர்த்தூவி கிடையாது, மண்ணின் மேலடுக்கிலேயே பரவும். மொட்டை மாடியில் தொட்டி சூடேறினால் அந்த வேர்தான் முதலில் வேகும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பிரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு வேறு இலையை உதிர்க்கும். வேண்டாம்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறோம். எங்களுக்காவது வருமா? (வாசகி, கொடைக்கானல்)

பதில்: முயலலாம். அனுமதியோடு வரவழைத்த கன்று கிடைத்தால் மட்டும். லிங்கன்பெர்ரி சேர்ந்த வாக்சினியம் பேரினத்தின் காட்டுச்செடிகள் பழனிமலைச் சோலைகளிலேயே உண்டு. அமில மண்ணும் உங்களிடம் இருக்கிறது. குறைவது குளிரின் நீளம். உறைபனி விழும் பள்ளமான இடத்தில் தொட்டியை வையுங்கள். காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும்.

தொட்டி 12 அங்குல அகலம், 8 அங்குல ஆழம் போதும், ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம். பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) இரண்டு பங்கு, பொடித்த பைன் பட்டை ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் அல்லது பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) ஒரு பங்கு. பீட்டை முதல் நாளே நனைத்து வையுங்கள்; காய்ந்த பீட் தண்ணீரை வாங்காமல் ஓரமாக வழியவிடும். தென்னை நார்க்கழிவு போடுவதானால் உப்புப் போகப் பலமுறை அலச வேண்டும். தொழுவுரம், கோழி எரு, சாம்பல், முட்டை ஓடு எதுவும் கூடாது. மேலே இரண்டு அங்குலம் பைன் ஊசியிலை மூடாக்கு.

உரம்: தளிர் விடும் காலத்தில் மாதம் ஒருமுறை, லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியம் சல்பேட். நைட்ரேட் உரம் ஒத்துக்கொள்ளாது. இலை ஓரம் கருகினால் உரம் கூடிவிட்டது. மழைநீரை நிறைய ஊற்றி அடியில் வழியவிடுங்கள்.

முழு நிழலில் உயிரோடு இருக்கும், பழம் சரியாகத் தராது. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கொடுங்கள். தனிச் செடியும் காய்க்கும். ‘கோரல்லே’, ‘ரெட் பேர்ல்’ போல இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும்.

கேள்வி: மேலூர்ப் பக்கம் அதே புளிப்புச் சுவையில் சிவப்புப் பழச்செடி வேறு இல்லையா? (வாசகர், மேலூர்)

பதில்: களாக்காய் இருக்கிறதே! பேக்கரி கேக்கில் ‘செர்ரி’ என்று வைப்பது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப்பாகில் ஊறிய களாக்காய்தான். நம் சுண்ணாம்புத் தண்ணீரையும் சித்திரை வெயிலையும் தாங்கும். இதற்கு நிழல் ஆகாது, ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும்.

18 அங்குலத் தொட்டி. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. விதை போடுவதானால் கறுத்துக் கனிந்த பழத்திலிருந்து எடுத்த கையோடு போடுங்கள். காய்ந்து கிடந்த விதை முளைக்காது. விதைக்கன்று காய்க்க மூன்றாம் ஆண்டு ஆகும். வேர் பிடித்த பின் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். தினமும் ஊற்றினால் இலை மட்டும் மண்டும். மாசி, பங்குனியில் பூத்து ஆடி, ஆவணியில் பழுக்கும். பறித்து முடித்ததும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். முள் நீளம், குழந்தைகள் ஓடும் வழியில் வைக்காதீர்கள். நறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுங்கள், காயின் பால் ஒட்டாது.

ஜாமுக்குப் பழுத்ததோடு கால் பங்கு செங்காயும் சேர்த்தால்தான் இறுகும். கொட்டை நீக்கிய ஒரு கிலோவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டுக் கிளறுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். ஒரு எச்சரிக்கை: சுவீடனில் லிங்கன்பெர்ரியைச் சமைக்காமலே சர்க்கரையோடு கலந்து வைப்பார்கள். அந்தப் பழத்தில் இயற்கையாகவே இருக்கும் பென்சாயிக் அமிலம் அதைக் கெடாமல் காக்கிறது. களாக்காயை அப்படிச் செய்தால் நுரைத்துவிடும். களாக்காய் ஜாமைக் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளும்போது சுருக்கம் விழும்வரை கொதிக்கட்டும்.